சூலியா தெருவில் இருந்த டாக்டர்

ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் என் கடைக்கு வரும் சொந்தக்காரர்கள் சாமான் வாங்குவதைவிட அதிகம் பேசுவது பிள்ளையின் படிப்பைப் பற்றித்தான். எத்தனை ஏ, அடுத்து மெட்ரிகுலேஷனா எஸ்.டி.பி.எம்.மா, டாக்டருக்கு இடம் கிடைக்குமா என்று கேட்பார்கள். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு அத்தாவின் வியாபாரத்துக்கு வந்தவன். எனக்கு என்ன தெரியும் என்று சொன்னாலும் விடமாட்டார்கள். ஆகவே பொன்விழா மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கத்தில் கேட்டபோது, நம் தஞ்சோங்கில் பிறந்து டாக்டருக்குப் படிக்கக் கப்பல் ஏறிய ஒரு பையனின் கதையை எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் நம்மவர் அல்ல, சீனர். ஆனால் படித்து முடித்துத் திரும்பி வந்து அவர் நோயாளி பார்த்தது நம் சூலியா தெருவில். அவர் பெயர் டாக்டர் வூ லியென் தே.

அவர் பிறந்தது 1879 மார்ச் 10. தகப்பனார் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் தாய்ஷான் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், தங்க ஆசாரி. தாயார் பினாங்கிலேயே பிறந்த ஹக்கா குடும்பத்துப் பெண். வீட்டில் பிள்ளைகள் அதிகம். பட்டறை வருமானத்தில் குடும்பம் கஷ்டமில்லாமல் ஓடியது, ஆனால் ஒரு மகனைச் சீமைக்கு அனுப்பிப் படிக்க வைக்கும் அளவுக்குப் பணம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு அவர் அடைந்த பெருமையைக் கேட்பவர்கள் பணக்கார வீட்டுப் பிள்ளை என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் அவர் பெயர் வேறு. இன்று ஆங்கிலத்தில் எழுதும் வூ என்பது மாண்டரின் உச்சரிப்பு. பிரீ ஸ்கூல் பதிவேட்டில் ஹொக்கியன் பேச்சுப்படி எழுதிக்கொண்டது ஙோ லீன் டக். நம் நெடுங்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும் ங என்ற எழுத்துக்கு இங்கே ஒரு வேலை கிடைத்துவிட்டது. பிறகு கேம்பிரிட்ஜிலும் அவரை டக் என்றே கூப்பிட்டார்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், ஐ.சி.யில் இன்னொரு பெயர் என்று அலையும் நம் பெரியவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது.

பினாங்கு பிரீ ஸ்கூல் 1816-இல் ரெவரெண்ட் ஹட்சிங்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் முயற்சியில் தொடங்கப்பட்டது. பாதிரியார் தொடங்கியதானாலும் எந்த இனத்துப் பிள்ளையும் எந்த மதத்துப் பிள்ளையும் வந்து படிக்கலாம் என்பதுதான் அதன் பெயரில் உள்ள பிரீ என்ற சொல்லின் பொருள். அந்தக் காலத்தில் பள்ளி பார்குவார் தெருவில் இருந்தது. பின்னாளில் எழுந்த கட்டடத்தில் பாதி, இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து போய்விட்டது. மிஞ்சிய பாதிதான் மாநில அருங்காட்சியகம். ஆசாரி மகன் டக் 7 வயதில் பிரீ ஸ்கூலில் சேர்ந்து 10 ஆண்டு படித்தார்.

அந்தப் பத்தாண்டில் பினாங்கில் ஒரு பையன் டாக்டராக ஆசைப்பட்டால் என்ன வழி இருந்தது என்று பார்க்க வேண்டும். உள்ளூரில் மருத்துவப் பள்ளியே கிடையாது. பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றம் முழுவதிலும் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு உதவி மருத்துவர் வேண்டுமென்றால் பையன்களை மதராசுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அங்கே 1835 முதலே மருத்துவக் கல்லூரி இருந்தது. நம் முன்னோர் அங்கிருந்து துணிமணியும் மளிகையும் ஏற்றி இங்கே வந்துகொண்டிருந்த காலத்தில் இங்கிருந்து பிள்ளைகள் படிப்புக்காக அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். 1889-இல் சிங்கப்பூரிலேயே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கலாம் என்று அரசாங்கம் முயன்றது. நுழைவுத் தேர்வில் தேறிய மாணவர் இரண்டே பேர். திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஆனால் மதராஸ் வழியில் போனவர்கள் பெரும்பாலும் உதவியாளராகவே வேலைக்குத் திரும்பினார்கள். முழு டாக்டராக வேண்டுமென்றால் பிரிட்டனுக்குப் போக வேண்டும். அதற்குப் பணம் இல்லாதவனுக்கு இருந்தது ஒரே ஒரு கதவு, குவீன்ஸ் ஸ்காலர்ஷிப். கவர்னர் செசில் கிளெமென்டி ஸ்மித் காலத்தில், 1885-இல் ஏற்பட்டது அது. மூன்று ஊர்ப் பள்ளிகளிலிருந்தும் போட்டியிடுவார்கள். ஆண்டுக்கு ஒருவரோ இருவரோ தேர்வாவார்கள். தேர்வானவர் பிரிட்டனில் பல்கலைக்கழகப் படிப்பு முடிக்கும்வரை செலவு அரசாங்கத்தினுடையது. இனம் பார்க்கப்படவில்லை, மதிப்பெண் மட்டும்தான். சிங்கப்பூர் லிம் பூன் கெங் 1887-இல் இதை வென்ற முதல் சீனர். அவர் எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பியிருந்தார். ஆகவே பரிசை வைத்து டாக்டருக்குப் படிக்கலாம் என்பது பினாங்குப் பையன்களுக்குக் கேள்விப்பட்ட விஷயம்தான்.

இப்போதைய பிள்ளைகளுக்கு டியூஷன் இருக்கிறது, பழைய கேள்வித்தாள்கள் போனிலேயே கிடைக்கின்றன. அன்று ஜார்ஜ்டவுன் வீடுகளில் மின்விளக்குகூட இல்லை. வீட்டில் பேசுவது சீனம், தெருவில் மலாய், தேர்வு முழுக்க ஆங்கிலம். கேம்பிரிட்ஜ் தேர்வு முறையை 1891 வாக்கில் இங்கே கொண்டு வந்திருந்தார்கள். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த பையன் எழுதும் தரத்தில் ஆசாரி மகன் எழுத வேண்டும். தலைமையாசிரியராக இருந்தவர் வில்லியம் ஹார்கிரீவ்ஸ். 1896-இல் டக் ஸ்காலர்ஷிப்பை வென்றார். வயது 17.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று யோசிப்பதுண்டு. அந்த ஆண்டு அதே அறையில் உட்கார்ந்து அதே தேர்வை எழுதிய மற்றப் பையன்களும் கெட்டிக்காரர்கள்தானே. சில மதிப்பெண் குறைந்ததால் அவர்கள் கம்பெனிகளில் கிளார்க்காகவும் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகவும் வாழ்ந்திருப்பார்கள். என் அக்கா மகள் இப்போது எஸ்.டி.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். யூ.பி.யூ.வில் மனு போட வேண்டும், நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட வேண்டும், அதன் பிறகுதான் இடம். அக்கா ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறாள். எனக்கு டக்கைவிட அந்த மற்றப் பையன்கள்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறார்கள்.

கப்பல் ஏறி, சூயஸ் கால்வாய் வழியாக இங்கிலாந்து போய், 1896 அக்டோபரில் கேம்பிரிட்ஜ் இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்த முதல் சீன மாணவர் அவர்தான். அங்கே முறை என்னவென்றால் முதல் மூன்று ஆண்டு உடற்கூறு, உடலியங்கியல், வேதியியல் போன்ற அடிப்படைப் பாடங்கள். நோயாளியைத் தொடுவதெல்லாம் பிறகு லண்டனில் ஏதாவது ஆஸ்பத்திரியில். இதைப் படித்தபோது நம் ஊரில் 1996-இல் தொடங்கிய பினாங்கு மெடிக்கல் காலேஜ்தான் ஞாபகம் வந்தது. அங்கே சேர்ந்த பிள்ளைகள் முதல் பாதியை டப்ளினில் படித்துவிட்டு, ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் பினாங்குக்குத் திரும்புவார்கள். நூறு ஆண்டு கழித்து அந்தப் பயணத்தில் பாதி நம் பக்கம் திரும்பியிருக்கிறது.

1899-இல் இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பில் தேறினார். பிறகு லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரி. அங்கேயும் அவருக்கு முன் சீன மாணவர் யாரும் இருந்ததில்லை. மருத்துவப் பயிற்சிக்கான சீடில் தங்கப் பதக்கம் உட்படப் பல பரிசுகளை வாங்கிக்கொண்டு 1902-இல் டாக்டர் பட்டம் பெற்றார். உடனே ஊர் திரும்பவில்லை. லிவர்பூலில் ரொனால்ட் ராஸிடம் போனார். செகந்திராபாத்தில் இருந்தபோது கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தாரே, அதே ராஸ். பிறகு ஜெர்மனியில் ஹாலே, பாரிஸில் பாஸ்டர் நிலையம் என்று கிருமிகளைப் பற்றிய புதிய படிப்பு எங்கே நடந்ததோ அங்கெல்லாம் போய்க் கற்றார். அந்தப் படிப்பு எட்டு ஆண்டு கழித்து ஆயிரக்கணக்கான உயிர்களுக்கு உதவப்போகிறது என்பது அப்போது அவருக்கும் தெரியாது, பணம் கொடுத்த அரசாங்கத்துக்கும் தெரியாது.

1903-இல் ஊர் திரும்பினார். இவ்வளவு படித்தவருக்கு அரசாங்க மருத்துவத் துறையில் டாக்டர் பதவி இல்லை. மேல் பதவிகள் ஐரோப்பிய வம்சாவளியினருக்கு மட்டும் என்பது சட்டம். அரசாங்கமே செலவு செய்து படிக்க வைத்து, அரசாங்கமே வேலை இல்லை என்றது! கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஓர் ஆண்டு பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். 1904 இறுதியில் பினாங்கு திரும்பிச் சூலியா தெருவில் சொந்தமாக வைத்தியத் தொழில் தொடங்கினார். படிக்க இடம் கிடைப்பது ஒன்று, படித்த பிறகு இடம் கிடைப்பது வேறு. 2016 இறுதியிலிருந்து நம் பிள்ளைகளும் ஹவுஸ்மேன் முடித்து ஒப்பந்த டாக்டராக நிரந்தர வேலைக்குக் காத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அவர் சூலியா தெருவில் போர்டு மாட்டிய அதே 1904-இல் சிங்கப்பூரில் வேறொன்று நடந்தது. அது இவருடைய கதையில் நேராகச் சேராது, ஆனாலும் நம் சங்கத்து மலரில் அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. டான் ஜியாக் கிம் என்ற சீன வியாபாரி, மற்ற இனப் பிரமுகர்களையும் சேர்த்துக்கொண்டு, இங்கேயே ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று செப்டம்பரில் கவர்னருக்கு மனு கொடுத்தார். பள்ளி வேண்டுமானால் 71,000 வெள்ளி திரட்டிக் கொண்டு வாருங்கள் என்றார் கவர்னர். திரண்டது 87,077 வெள்ளி. அதில் 12,000 டான் ஜியாக் கிம்முடைய சொந்தப் பணம். 1905 ஜூலை 3-இல் சிப்பாய் லைன்ஸில், பழைய பெண்கள் மனநோய் விடுதிக் கட்டடத்தில், 23 மாணவர்களோடு பள்ளி திறந்தது. 1910-இல் முதல் 7 பேர் தேறினார்கள். முன்னே இரண்டு பேர்தான் தேறினார்கள் என்று கைவிட்ட அதே வேலையை வியாபாரிகள் வசூல் நோட்டை வைத்துக்கொண்டு செய்து முடித்தார்கள். அதன் பிறகு டாக்டருக்குப் படிக்க நினைத்த பினாங்குப் பையன் கேம்பிரிட்ஜ் வரை போகாமல், சிங்கப்பூர்க் கப்பலில் ஏறினால் போதும் என்றாயிற்று. நம் சங்கத்தின் கல்வி உதவி நிதிக்கு ரசீது புத்தகத்தோடு கடைகடையாக ஏறி இறங்கும் செயற்குழுவினர் இந்தக் கணக்கை ஒருமுறை வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

டக் 1905-இல் ரூத் என்ற பெண்ணை மணந்தார். லிம் பூன் கெங்கின் மனைவிக்கு அவர் தங்கை. ஸ்காலர்ஷிப் வென்ற முதல் சீனரும் இவரும் இப்படிச் சகலைகள் ஆனார்கள்.

சூலியா தெருவில் தொழில் நன்றாகவே நடந்தது. இவர் சும்மா இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அபினை எதிர்த்துக் கிளம்பினார். அன்று அபின் கள்ளச்சரக்கு அல்ல; ஏலம் எடுத்து வரி கட்டி விற்கும் சரக்கு, அரசாங்க வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வந்தது. ரிக்‌ஷா இழுப்பவரும் ஈயச் சுரங்கக் கூலியும் சம்பளத்தை அதில் புகைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் பினாங்கில் அபின் எதிர்ப்புச் சங்கம் அமைத்தார். 1906-இல் ஈப்போவில் பெரிய மாநாடு நடந்தது. வியாபாரமும் அரசாங்கமும் இரண்டும் பகையாயின. 1907-இல் இவருடைய டிஸ்பென்சரியைச் சோதனை போட்டு, மருந்துக்காக வைத்திருந்த ஒரு அவுன்ஸ் அபின் கரைசலைக் கண்டெடுத்து, அனுமதியில்லாமல் வைத்திருந்ததாக வழக்குப் போட்டார்கள். 100 வெள்ளி அபராதம். அபினை ஒழிக்கப் பாடுபட்டவருக்கே அபின் வழக்கு. மேல்முறையீடும் பலிக்கவில்லை. அந்த நேரத்தில் சீன அரசாங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. 1908-இல் தியென்சின் ராணுவ மருத்துவக் கல்லூரியின் துணைத் தலைவராகப் போனார். பினாங்கு தன் டாக்டரை இழந்தது இப்படித்தான்.

அடுத்து நடந்ததை உலகமே அறியும். 1910 இறுதியில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய். டிசம்பர் 24-இல், எலும்பை உறைய வைக்கும் குளிரில், ஹார்பின் நகருக்கு வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள், இறந்துபோன ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை ரகசியமாக அறுத்துச் சோதித்து, பிளேக் கிருமியைக் கண்டார். எலியும் தெள்ளுப்பூச்சியும் பரப்பும் பிளேக்தான் அதுவரை எல்லாரும் அறிந்தது. இது நுரையீரலில் இருந்து இருமல் வழியாக மனிதனிடமிருந்து மனிதனுக்கு நேராகத் தாவுகிறது என்றார் இவர். துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த முகக்கவசத்தை எல்லாரும் கட்ட வேண்டும் என்றார். மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர், வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், இந்தச் சின்னச் சீனன் எனக்குச் சொல்வதா என்ற எண்ணத்தில் கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் அவரே மௌத்தானார். அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை.

நோய் கண்ட ஊருக்குள் நுழையாதே, அங்கே இருந்தால் வெளியேறாதே என்ற நபிவழி நமக்குத் தெரிந்தது. இவர் செய்ததும் ஏறக்குறைய அதுதான். நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து நடமாட்டத்தை நிறுத்தினார், ரயில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தினார், ரஷ்யர்களிடம் சரக்கு ரயில் பெட்டிகளை வாங்கி நோயாளிகளோடு பழகியவர்களை அவற்றில் தனியே வைத்தார். ஆனால் ஒரு விஷயம் அவருக்குப் பெரிய சோதனையாக இருந்தது. நிலம் பனியில் இறுகிப்போனதால் குழி வெட்ட முடியவில்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உடல்கள் வெட்டவெளியில் கிடந்தன. முன்னோரை மண்ணில் அடக்குவதைப் புனிதமாக நினைக்கும் சமுதாயத்தில் எரிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. மய்யித்தின் கண்ணியம் என்னவென்று அறிந்த நமக்கு அந்த மனப்போராட்டம் புரியும். அரசரிடம் விண்ணப்பித்து, ஆணை வந்த பிறகே 1911 ஜனவரி 31-இல், சீனப் புத்தாண்டுக்கு மறுநாள், எரித்தார்கள். மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் நின்றது. மஞ்சூரியா முழுவதும் அதற்குள் சுமார் 60,000 பேர் இறந்திருந்தார்கள். ஏப்ரலில் முக்டென் நகரில் நடந்த உலக மருத்துவர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், பினாங்கு அரசாங்கம் வேலை கொடுக்க மறுத்தவர். வயது 32.

சீனாவில் அவர் கட்டிய ஆஸ்பத்திரிகளையும் துறைமுகங்களுக்கு அமைத்த நோய்த்தடுப்புச் சேவையையும் எழுதினால் மலர் போதாது. 1935-இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. 1937-இல் ஜப்பான் சீனாவைத் தாக்கியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலாயா திரும்பினார். அப்போது அவருக்கு 58. உலகம் அறிந்த அந்த மனிதர் ஈப்போவில் சாதாரண கிளினிக் வைத்து, காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு பக்கம் கெரில்லாக்கள் அவரைக் கடத்திப் பணம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். மறுபக்கம் கெரில்லாக்களுக்குப் பணம் கொடுத்தவர் என்று ஜப்பானியர் சந்தேகப்பட்டார்கள். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு ஜப்பானிய அதிகாரியால் தப்பினார். போருக்குப் பிறகு ஈப்போவில் பொதுமக்களுக்கு ஒரு நூலகம் வேண்டும் என்று இவரும் நன்கொடை கேட்டு ஊர் ஊராக அலைந்திருக்கிறார். அந்த நூலகம் இன்றும் இருக்கிறது.

1959-இல் தன் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் பெரிய புத்தகமாக வெளியிட்டார். கடைசிக் காலத்துக்குப் பினாங்கு வந்து, 1960 ஜனவரி 21-இல், 80 வயதில் காலமானார்.

பிரீ ஸ்கூல் 1928-இல் பார்குவார் தெருவிலிருந்து கிரீன் லேனுக்கு, இன்றைய ஜாலான் மஸ்ஜித் நெகிரிக்கு, மாறிவிட்டது. பள்ளிக்குப் பக்கத்திலேயே அவர் பெயரில் ஒரு தாமான் இருக்கிறது. பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் ஓர் அணிக்கும் அவர் பெயர்தான். அந்த அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடியவர்களில் நம் சங்கத்து வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. சட்டையில் உள்ள பெயர் யாருடையது என்று வீட்டில் கேட்டால், இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள்.